பட்டுப்புழுவின் ஆறு எழுத்து

பலராமன் கண்ணுக்கு ஒரு பிழை தப்பாது என்பது தேரடித் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. முருகையன் அச்சகத்தில் பதினெட்டு வருஷமாக அவன் கம்பாசிட்டர், ஈய எழுத்தை ஒவ்வொன்றாகக் கோத்து அச்சுக்குக் கொடுக்கிறவன். படிப்பு எட்டாவதோடு சரி. ஆனால் கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் சித்தப்பா பெயருக்கு ஒரு புள்ளி குறைந்தால்கூட ஈரம் காயாத தாளைத் தள்ளி நின்று பார்த்தே சொல்லிவிடுவான். "அவன் பாத்துட்டான்னா சாமி பாத்த மாதிரி" என்று முதலாளி முருகையன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லியே அவனைக் கெடுத்து வைத்திருந்தார். புகழ்ச்சி சும்மா ஊற்றிக் கொடுக்கிற சாராயம், யாருக்குத்தான் ஏறாது. இந்தக் கதையில் நடந்த அநியாயத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. கெட்டவர் என்று இதில் ஒருத்தரும் கிடையாது. இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது மனசு ஆறியிருக்கும்.

அவன் பெண்டாட்டி பாஞ்சாலை, கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைக் கடலை பயிர் பண்ணுகிற சொந்த மாமன் மகள். பள்ளிக்கூடத்தில் முதலாவதாகத் தேறிய பெண்ணைப் பதினேழு வயதில் இவனுக்குக் கட்டிவைத்தார்கள். கட்டின கையோடு அவளைக் கொண்டுபோய்க் கல்லூரியில் சேர்த்தான் பலராமன். சொந்தக்காரர்கள் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். எட்டாங்கிளாஸ் மாப்பிள்ளைக்கு எம்.எஸ்ஸி. பெண்டாட்டியா என்று கேட்டார்கள். "படிக்கறவ படிக்கட்டும், கோக்கறவன் கோக்கறேன், உங்களுக்கு இன்னா நோவுது?" என்று கேட்டுவிட்டு அவன் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அவள் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து, ஊர்க் கல்லூரியிலேயே ஆய்வுக்கூடத்தில் செய்துகாட்டுகிற டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்து, எழுபத்தொன்பதில் டாக்டர் பட்டத்துக்கும் பதிந்துகொண்டாள். மெட்ராஸில் பேராசிரியர் கோதண்டராமன் அவளுக்கு வழிகாட்டி. அந்தப் பட்டம் வந்தால்தான் லெக்சரர் வேலை, அது வந்தால்தான் இந்த ஆராய்ச்சியைச் சாகிறவரைக்கும் செய்யலாம். பாஞ்சாலைக்கு உலகத்தில் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு வேண்டியதுதான் அவனுக்கும் வேண்டியிருந்தது.

என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"ஒடம்புல புரதம் கட்டற எடத்துக்குச் செங்கல் எடுத்துக் குடுக்கற சித்தாள் மாதிரி ஒன்னு இருக்குது மாமா. டிரான்ஸ்ஃபர் ஆர்.என்.ஏ.னு பேரு. மனுசனுக்கும் உண்டு, மாட்டுக்கும் உண்டு, கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கும் உண்டு. ஏ, ஜி, சி, யுனு நாலே எழுத்து. அத மாத்தி மாத்தி எழுபத்தாறு எழுத்து கோத்தா ஒரு சித்தாள். ஆதியில ஒன்னா இருந்ததுதான். காலம் போகப் போக அங்க ஒன்னு இங்க ஒன்னு எழுத்து மாறிப்போச்சு. ரெண்டு உயிரோடத எதிரெதிர வச்சு எத்தினி எழுத்து மாறியிருக்குதுன்னு எண்ணணும். கம்மியா மாறியிருந்தா கிட்டத்துச் சொந்தம், ஜாஸ்தியா மாறியிருந்தா தூரத்துச் சொந்தம். எண்ணி எண்ணி எல்லா உயிருக்கும் வம்சாவளி போட்டுடலாம்."

"அப்ப ப்ரூஃப் பாக்கற வேலதான்" என்றான் பலராமன்.

அவள் சிரித்தாள். இல்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆசையாகச் சொன்னவனை எதற்கு மறுத்துப் பேசுவது என்று விட்டுவிட்டாள்.

வட ஒத்தவாடைத் தெருவில் அவர்கள் இருந்தது ஒன்றரை அறை. பெரிய அறையில் ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குச் சணல் கயிறு கட்டி, அச்சகத்தில் ஈரத் தாளைத் தொங்கவிடுகிற மரக் கிளிப்பால் கிராஃப் காகிதப் பட்டைகளை மாட்டியிருந்தாள். ஓர் உயிருக்கு ஒரு பட்டை, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஈஸ்ட், கோதுமை, தவளை, மாடு, ஈ என்று வரிசையாகத் தொங்கும். விளக்கு வைத்ததும் இருவரும் உட்காருவார்கள். அவன் ஒரு பட்டையைப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாகப் படிப்பான். அவள் இன்னொரு பட்டையில் ஒத்துப்போகிற கட்டத்துக்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டு, மாறுகிற இடத்தில் வட்டம் போடுவாள். "ஜி, ஜி, யு, ஏ..." என்று அவன் படிக்கிற குரல் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். வயிற்றில் ஒன்றும் காணோமே என்று கேட்டவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். இவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போதுமானதாக இருந்தது. அந்த நேரத்தில் அவன் எட்டாவது படித்தவனும் இல்லை, அவள் எம்.எஸ்ஸி. படித்தவளும் இல்லை. ஒருத்தர் படிக்க ஒருத்தர் சரிபார்த்தார்கள், அவ்வளவுதான்.

எழுத்து வரிசைகளெல்லாம் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும். அவை கிண்டிப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்து நூலகத்தில் இருந்தன. ஜெராக்ஸ் மெஷின் மாதத்தில் பாதி நாள் பழுது. நூலகம் திறந்திருக்கிற நாளில் பாஞ்சாலைக்குக் கல்லூரி. பலராமனோ ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை அச்சகத்துக்குக் காகிதம் எடுக்கப் பாரிமுனை போகிறவன். "நான் பாத்து எழுதிட்டு வரேன், எழுத்துதான" என்றான். ஆராய்ச்சி செய்கிறவரேதான் மூலத்தைப் பார்த்து எழுதவேண்டும் என்று கோதண்டராமன் பதியும்போதே கறாராகச் சொல்லியிருந்தார். பாஞ்சாலையும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். இருந்தாலும் அவளுடைய நூலகச் சீட்டைக் காட்டி உள்ளே போய் உட்கார்ந்து எழுதினவன் பலராமன்தான். அவன் கை அப்படி. அந்த வரிசைகளில் சில எழுத்துக்குத் தலையில் கொம்புபோல் ஒரு குறி இருக்கும், சிலதுக்குக் காலில் எண் இருக்கும். ஒரு கொம்பு விடாமல் எழுதிக்கொண்டு வருவான். முதல் வருஷம் தீபாவளி லீவில் அவளே போய்ப் பதினோரு பட்டைகளை மூலத்தோடு ஒத்துப் பார்த்தாள். ஒரு புள்ளி பிசகவில்லை. அதற்குப் பிறகு ஒத்துப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

இதற்கு நடுவில் இன்னொன்று நடந்தது. கோதண்டராமன் தாமே அச்சில் கொண்டுவந்திருந்த அட்டவணை ஒன்றில் ஒரு வரியில் ஓர் எழுத்து குறைவதைப் பலராமன் கண்டுபிடித்தான். பாஞ்சாலை அதைப் பேராசிரியருக்கு எழுதினாள். "உன் கண் நல்ல கண். அச்சுப் பிழைதான்" என்று அவர் கார்டு போட்டார். பாராட்டு அவளுக்கு வந்தது. அவள் அதை அவனுக்குத்தான் படித்துக் காட்டினாள். ரெண்டு நாள் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. மெட்ராஸ் பேராசிரியருக்கே ப்ரூஃப் பார்த்தவன் அல்லவா.

எண்பத்திரண்டு தை மாதம், பொங்கல் கழிந்து காகிதம் எடுக்கப் போனவன் நூலகத்தில் பட்டுப்புழு வரிசையைப் பார்த்து எழுதினான். எழுத எழுத அவனுக்குத் தெரிந்துவிட்டது, இது ஈயின் வரிதான். பழத்தை மொய்க்கிற அந்தச் சின்ன ஈயின் பட்டையை நூறு ராத்திரியாவது படித்திருப்பான், மனப்பாடம். அதே வரி அப்படியே வந்துகொண்டிருந்தது. ஆறு எழுத்தில் மட்டும் இடறிற்று. தலைப்பக்கம் சேர்ந்தாற்போல் மூன்று, வால்பக்கம் சேர்ந்தாற்போல் மூன்று. மற்ற உயிர்களில் மாறின எழுத்து வரி முழுக்கச் சிதறிக் கிடக்கும், இப்படி ஒரே இடத்தில் குவிந்து அவன் பார்த்ததில்லை.

கல்யாண சீசனில் அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பத்திரிகை அடித்து முடிந்ததும் கோத்த எழுத்தைக் கலைக்க மாட்டார்கள். பெயரையும் தேதியையும் மண்டபத்தையும் மாற்றி அடுத்த வீட்டுப் பத்திரிகையை அதிலேயே ஏற்றுவார்கள். மீதி வரியெல்லாம் அப்படியே நிற்கும். அந்த நிற்கிற வரியில் ஓர் எழுத்து மாறியிருந்தால் அது பிழை, யோசிக்க வேண்டியதே இல்லை. சரிந்து விழுந்த எழுத்துக்குப் பதிலாகக் கைக்கு அகப்பட்டதைச் செருகியிருப்பான் எவனாவது. பலராமன் கை பதினாறு வருஷமாக அப்படி எத்தனையோ எழுத்தைப் பிடுங்கி மாற்றியிருக்கிறது.

"தூங்குமூஞ்சி கம்பாசிட்டர் சீமையிலயும் இருக்கான் போல" என்று சிரித்துக்கொண்டே ஆறு எழுத்தையும் ஈயில் இருக்கிறபடி எழுதினான். அச்சகமாக இருந்தால் திருத்தின இடத்துக்கு ஓரத்தில் ஒரு குறி போடுவான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, வீட்டில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிவைத்தான்.

மறுநாள் விளக்கு வைத்ததும் அவன் பட்டுப்புழுவைப் படிக்க, அவள் ஈயில் டிக் போட்டாள். எழுபத்தாறு கட்டத்திலும் டிக் விழுந்தது. வட்டமே விழவில்லை. பாஞ்சாலை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தாள்.

"மாமா, ஒன்னுகூட மாறல. ரெண்டும் பிரிஞ்சு எத்தினி கோடி வருசம் ஆச்சு. ஒரு எழுத்துகூட மாறாம அப்படியே வச்சிருக்குது. இது பெரிய விசயம் மாமா."

சரி பண்ணினதே நான்தான் என்று சொல்ல அவன் வாயெடுத்தான். அவள் சிரிப்பைப் பார்த்தான். அவள் கண்டுபிடித்த நேரத்தில் நடுவில் புகுந்து என் பெருமையை நான் பேசுவதா என்று வாயை மூடிக்கொண்டான். பாழாய்ப்போன அடக்கம் அவனுக்கு அன்றைக்குத்தானா வரவேண்டும்.

அந்த வட்டம் விழாத பட்டையை வைத்து அவள் ஓர் அத்தியாயம் எழுதினாள். ஈக்கும் பட்டுப்புழுவுக்கும் இந்தச் சித்தாள் மாறவே இல்லை என்று கட்டுரை ஒன்றும் எழுதினாள். கோதண்டராமனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். எண்பத்துநாலு மாசியில் அதற்குப் பதில் வந்து, உடனே வரச்சொல்லிப் பேராசிரியரிடமிருந்து அவளுக்குக் கடிதம் வந்தது. போய்விட்டு விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினாள்.

"இன்னா சொன்னாரு?" என்று கேட்டான் பலராமன்.

"கொஞ்சம் திருத்தணுமாம். ஒரு வருசம் தள்ளிப் போவும்."

"அவ்ளோதான? இதுக்கா மூஞ்சி இப்படிக் கெடக்குது?"

"பஸ்ல வந்தது தலவலி மாமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். மறுநாள் விளக்கு வைத்ததும் அவன் பட்டையை எடுத்தான். இன்னைக்கு வேண்டாம் என்றாள். அதற்கு மறுநாளும் வேண்டாம் என்றாள். எட்டு நாள் அந்த வீட்டில் எழுத்துச் சத்தம் கேட்கவில்லை. அவன் பக்கம் திரும்பும்போதெல்லாம் அவள் முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டாள். கோபம் என்றால் அவனுக்குப் புரியும். இது கோபமாகத் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் கத்தரிக்கோல் தேடி அவள் பையைத் திறந்தவன் கையில் ஒரு ஜெராக்ஸ் தாள் அகப்பட்டது. வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து இங்கிலீஷில் நாலு வரி கடிதம், அதன் கீழே பட்டுப்புழுவின் வரி. தலைப்பக்கம் மூன்று எழுத்து, வால்பக்கம் மூன்று எழுத்து, ஆறையும் சிவப்பு மையால் சுழித்திருந்தார்கள். கடிதத்தில் ஒரு வார்த்தைகூட அவனுக்குப் புரியவில்லை. புரிய வேண்டியதும் இல்லை. அச்செழுத்தின் வடிவு அவன் நூலகத்தில் பார்த்தது இல்லை; வேறொரு ஊரில், வேறொரு அச்சில், அதே ஆறு எழுத்து அப்படியே நின்றது. ரெண்டு ஊரில் ரெண்டு கம்பாசிட்டர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்ய மாட்டார்கள். அடுப்படியில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். அவளுக்குத் தெரியும், யார் கை என்று தெரிந்தேதான் எட்டு நாளாகப் பேசாமல் இருக்கிறாள் என்று அவனுக்கு உறைத்தது. தாளை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்து நின்றான். அழுகையை அடக்க முடியவில்லை.

அப்போதே உள்ளே போய்ப் பாஞ்சாலை என்று கூப்பிட்டிருக்கலாம். நான்தான் மாத்தினேன், இப்ப இன்னா செய்யறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆறடி தூரம், நடுவில் ஒரு கதவு. செய்தானா என்றால் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. கூடவே அச்சகத்துப் புத்தி ஒன்று எழுந்து நின்றது. பிழை யார் கையால் வந்ததோ அவன்தான் போய்ச் சொல்லவேண்டும், வேலை கொடுத்தவர் பெயர் கெடக்கூடாது என்பது அந்தப் புத்தி. காகிதம் எடுக்கப் போகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு, திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் மெட்ராஸுக்கு ஏறினான்.

கோதண்டராமன் ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை. வாசலில் கும்பிட்டு நின்றவனை யார் என்று கேட்டார்.

"பாஞ்சாலை வீட்டுக்காரனுங்க. அந்த ஆறு எழுத்த மாத்தனது நானுங்க. அவளுக்கு ஒன்னும் தெரியாதுங்க."

பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இவனையும் உட்காரச் சொன்னார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டார்.

"பாத்து எழுதறப்ப கண்ணு தவறி வேற வரியப் பாத்து எழுதிட்டீங்க. அப்படித்தானே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

நல்ல மனிதர். ஒரு வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு இவன் வருவதற்காகக் காத்திருந்தார். ஆமாங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், யார் கை என்பதைக் காதில் வாங்காமல் வெறும் கவனக்குறைவு என்றே அவர் முடித்திருப்பார். ஆனால் கேட்ட கேள்வி பலராமனின் கண்ணைப் பற்றியதாகப் போய்விட்டது.

"இல்லீங்க. என் கண்ணு தவறாதுங்க. பதினெட்டு வருசமா ஒரு எழுத்து தவறவுட்டதில்ல. அச்சுப்பிழைன்னு நெனச்சு, தெரிஞ்சுதாங்க மாத்தினேன்."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். பாஞ்சாலையின் கையெழுத்தை இவனுக்குத் தெரியாதா. அவர் அதைத் தமிழில் சொன்னார்.

"நூலகத்துல நானே பாத்து எழுதினேன், அவசரத்துல மனசுல இருந்த ஈ வரிசைய எழுதிட்டேன், என் கவனக்குறைவுனு எழுதிக் குடுத்திருக்காங்க. யாராவது எழுதிக் குடுத்தாங்களானு மூணு தடவை கேட்டேன். இல்லைன்னாங்க. கவனக்குறைவுன்னா மன்னிக்கலாம். கட்டுரைய வாபஸ் வாங்கிட்டு, எல்லாத்தையும் மறுபடி சரிபாக்க ஒரு வருஷம் அவகாசம் குடுங்கனு பல்கலைக்கழகத்துக்கு எழுதி வச்சிருக்கேன். நாளைக்கு அனுப்பறதா இருந்தேன். இப்ப வேற ஒருத்தர் எழுதினார்னு தெரிஞ்சு போச்சு, தெரிஞ்சே மாத்தினார்னும் தெரிஞ்சு போச்சு. அவங்க எழுதிக் குடுத்தது பொய்யுன்னும் ஆயிடுச்சு. இதுக்குக் கீழ நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"நான் வரவே இல்லன்னு நெனச்சுக்குங்க ஐயா. நான் ஒன்னும் சொல்லல" என்று பலராமன் அவர் காலைப் பிடித்துக்கொண்டான். நாற்பது வயது ஆள், மேஜைக்கடியில் மண்டியிட்டு அழுதான்.

"எழுந்திருங்க. உங்களை நம்பி ஒரு பொண்ணு அவ்வளவு செஞ்சிருக்கா. அவளைக் கேட்டுட்டு வந்திருக்கக் கூடாதா நீங்க?" என்று கோதண்டராமன் சொன்னார். அவர் குரலும் சரியாக இல்லை. ஆனாலும் பொய் என்று தெரிந்ததன் கீழ் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவன் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. பேராசிரியர் மனசு மாறிவிடுவார் என்று ஓர் ஆசை. கோபுரத்தைப் பார்க்கிறபோதெல்லாம் அதையே வேண்டிக்கொண்டான். அவளோ கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து வந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் அவளாகவே, "வர்ற லீவு பூரா மெட்ராஸ்ல தங்கி எல்லாப் பட்டையும் நானே பாத்து எழுதிட்டு வந்துடறேன் மாமா. தனம் வூட்டுல தங்கிக்கறேன்" என்றாள். தனம் அவளோடு படித்த சிநேகிதி. அவன் சோற்றைப் பாதியில் விட்டுக் கை கழுவ எழுந்தான்.

சித்திரை பிறந்து நாலாம் நாள் பிற்பகலில் பதிவுத் தபால் வந்தது. அவள் கையெழுத்துப் போட்டு வாங்கி, நின்றபடியே படித்தாள். அவன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தான். படித்து முடித்ததும் அவள் தாளைப் பழையபடி மடித்தாள்.

"பதிவ ரத்து பண்ணிட்டாங்க. வேற ஆள் எழுதினதுனு தெரிஞ்சு போச்சாம். இனிமே பதியவும் முடியாதாம்" என்றாள். பிறகு அவனைப் பார்த்தாள். "சார்கிட்ட நீ போனியா மாமா?"

"போனேன்."

"எதுக்கு?"

"பழி உன் மேல விழக்கூடாதுனு. நான் பண்ண தப்புக்கு நீ..."

"பழி விழல மாமா. கவனக்குறைவு, அவ்ளோதான். அதுக்காவ யாரும் என்னத் தூக்குல போடப்போறதில்ல. ஒரு வருசம் தள்ளி எழுதியிருப்பேன்." அவள் குரல் உயரவே இல்லை. "எவ்ளோ யோசிச்சு எழுதிக் குடுத்தேன் தெரியுமா? அந்த ரூம்ல ஒக்காந்து மூணு தடவ பொய் சொன்னேன். பொறந்ததுலேருந்து அப்படிப் பொய் சொன்னதில்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல? ஒரு வார்த்த திட்டியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? உன் கண்ணு தப்பு பண்ணாதுன்னு ஊரே சொல்லுது. நானே சொன்னேன். உன்னால இப்படி ஆயிடுச்சுனு சொன்னா நீ ஒடஞ்சு போயிடுவ. அதுக்குத்தான் முழுங்கிட்டேன்." மடித்த தாளைப் பையில் போட்டாள். "நீ என்ன ஒரு வார்த்த கேட்டியா மாமா? எழுத்த மாத்தினப்பவும் கேக்கல. அங்க போனப்பவும் கேக்கல."

அந்தக் கேள்வியைப் பலராமன் பிறகு எத்தனையோ வருஷம் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் கயிற்றுப் பக்கம் போய்ப் பட்டுப்புழுப் பட்டையைக் கழற்றினாள். பையிலிருந்த ஜெராக்ஸைப் பார்த்து, ஆறு கட்டத்தை ரப்பரால் அழித்து, உண்மையான ஆறு எழுத்தை எழுதினாள். பிறகு பட்டையை நடுவில் மடித்துத் தலையையும் வாலையும் எதிரெதிராக வைத்து அவனிடம் நீட்டினாள்.

"இது நீளமாக் கெடக்காது மாமா, இப்படி மடிஞ்சு நிக்கும். எதிரெதிர இருக்கறது ஜோடி சேரணும். ஏக்கு யு, ஜிக்கு சி. சேரலன்னா அந்தச் சித்தாளால வேலை செய்ய முடியாது. ஈயில இந்த எடத்துல ஏ, ஏ, ஜி. அதுக்கு எதிர்ல யு, யு, சி. பட்டுப்புழுவப் பாரு. ஜி, சி, ஏ. எதிர்ல இன்னா இருக்குது?"

அவன் பார்த்தான். எதிரில் சி, ஜி, யு இருந்தது. மூன்றும் ஜோடி சேர்ந்தன.

"இந்தப் பக்கம் ஒன்னு மாறினதுக்குத் தக்கன அந்தப் பக்கமும் மாறியிருக்குது. தப்பா விழுந்த எழுத்து இப்படி ஜோடி சேருமா மாமா? இதத்தான் நான் அஞ்சு வருசமாத் தேடிட்டு இருந்தேன். இத வச்சு எழுதியிருந்தா அதவிடப் பெரிய கட்டுரை. நீ இருந்தபடியே எழுதிக் கொண்டாந்திருந்தா போதும்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் அவன் தோளில் ஒரு கை வைத்தாள். அது அவனுக்கு இன்னும் தாங்கவில்லை.

"உம்மேல கோவம் வந்தா நல்லா இருக்கும்னு பாக்கறேன் மாமா. வர மாட்டேங்குது" என்றாள்.

விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டிருந்தது. அவள் ஸ்விட்சைப் போட்டுவிட்டு ஈயின் பட்டையையும் கழற்றிக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியாததில்லை. யாரும் இனி அதைக் கேட்கப்போவதும் இல்லை. இருந்தாலும் ரெண்டு பட்டையையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பென்சிலை எடுத்தாள். பலராமன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல அவளுக்கு எதிரில் வந்து உட்கார்ந்து பட்டுப்புழுப் பட்டைக்குக் கை நீட்டினான்.

"நான் படிக்கறேன்" என்றான்.

பாஞ்சாலை பட்டையைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வேணாம் மாமா. நீ போயி பால் வாங்கிட்டு வா" என்றாள்.

அவன் சொம்பை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். அவளே படித்து அவளே டிக் போட்டாள்; படிக்கிற குரல் அடுத்த வீட்டு வாசல்வரைக்கும் கேட்டது. அங்கேயே நின்று எழுபத்தாறு எழுத்தும் முடிகிறவரை கேட்டுவிட்டுப் பால் வாங்கப் போனான்.